மூச்சடைத்த சுவர்

கதவைத் திறந்ததும் மாக்கிரட் முதலில் சுவரை முகர்ந்து பார்ப்பார். விளக்குமாறு அதற்குப் பிறகுதான். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில், இடைக்கால முறைப்படி கட்டிய குடியானவன் வீடு அது. கற்களின்மேல் ஓக் அடிமரம், அதன்மேல் மரச்சட்டம், சட்டத்தின் இடைவெளிகளில் தடி பின்னி அப்பிய களிமண், மேலே முழத் தடிப்பில் நாணல் கூரை. கூட்டுவதும் காப்பதும் மாக்கிரட்டின் வேலை. மட்டக்களப்புக்காரி. முதியோர் இல்லத்தில் இருபது வருடம் ஆட்களைத் தூக்கிப் புரட்டி இடுப்பு விட்டுப்போனபின் இங்கே வந்தார்.

புகைபோக்கி இல்லாததைக் கண்டு யாராவது “விவரமில்லாத சனம்” என்று சிரித்தால் அவருக்குப் பொறுக்காது. அடுப்புப் புகைதான் நாணலை உலர்த்திப் பூச்சியை விரட்டுகிறது என்றும், மழை சுவரில் படாதிருக்கவே கூரை விளிம்பு இவ்வளவு நீள்கிறது என்றும் டேனிஷில் படபடவென்று சொல்வார். அவர்கள் நகர்ந்தால் பின்னாலேயே போய்ச் சொல்லி முடிப்பார்.

மூன்று வருடத்துக்கு முந்திய வசந்தத்தில் நிர்வாகி நிக்கலஸ், விளம்பரப் படத்தில் வீடு பளிச்சென்று தெரிய வேண்டுமென்று, சுண்ணாம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பெயின்ற் அடிப்பித்தார். அடுப்பு மூட்டுவதையும் நிறுத்தினார். ஈரம் உள்ளே அடைபட்டு மரம் உக்கும் என்று மாக்கிரட் அலுவலகத்துக்கே போய்ச் சொன்னார். அவருடைய வேலை கூட்டுவது என்பதை நிக்கலஸ் புன்னகையோடு நினைவுபடுத்தினார்.

வாசலில் ரிக்கற் கொடுக்கும் மேனுஜாவிடம் நேரே வந்தார் மாக்கிரட்.

“பாருகா மேனுஜா, படுக்கையில கிடக்கிற ஆளைப் பிளாஸ்டிக்கில கிடத்தினா முதுகு புண்ணாப் போகும். எத்தினை பேருக்கு நான் மருந்து கட்டினனான்? மண்சுவரும் அப்பிடித்தான். இது விளங்கப் பெரிய படிப்பு வேணுமே?”

“விடுங்க அன்ரி, வேலையைப் பறிச்சிருவாங்க,” என்றாள் மேனுஜா.

“பறிக்கட்டும். வாயைப் பொத்திக்கொண்டு இந்தச் சுவரைத் துடைக்க என்னால ஏலாது.”

அருங்காட்சியக நிர்வாகக் குழுவுக்கு மூன்று கடிதம் போட்டார். மேனுஜாவே எழுத்துப் பிழை திருத்தினாள். முதலிரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, பெயின்ற் அடித்து இரண்டு வருடம் கழிந்த இலையுதிர் காலத்தில், ஒரு தச்சர் வந்தார். அடிமரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது.

பெயின்ற்றைச் சுரண்டி, உக்கியதை வெட்டி, புது மரம் பொருத்திச் சுண்ணாம்பு பூச ஆறு வாரம் பிடித்தது. மீண்டும் திறந்த நாளில் உள்ளூர்ப் பத்திரிகையாளர் வந்திருந்தார். வழக்கமான பரிசோதனையில் தாங்களே பழுதைக் கண்டுபிடித்ததாக நிக்கலஸ் விளக்கினார். பிறகு, படத்துக்காக, ஓரத்தில் நின்ற மாக்கிரட்டை அழைத்துக் கை நீட்டினார்.

மாக்கிரட் அவசரப்படவில்லை. வெட்டிப்போட்டு மழையில் கிடந்த மரக்குவியலில் குனிந்து, கறுத்துப் பொதபொதத்த துண்டொன்றைத் தூக்கி, நீர் வடிய வடிய அந்தக் கையில் வைத்தார்.