பசை காயாத மாதங்கள்

என்னோடு படித்த ஒரு பெண்ணின் படிப்பை நான் கெடுத்தேன். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன். அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், கல்லூரியில் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் நடத்தினேன். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மனைவி இல்லை. மகள் சென்னையில். விருதுநகரில் மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். பேச ஆள் இல்லாதபோது பழைய சாக்குகள் ஒவ்வொன்றாகப் பலவீனமாகிவிடுகின்றன.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்தேன். அப்பாவுக்குச் சின்ன அச்சகம். தீப்பெட்டி லேபிளும் வெடிக்கட்டு லேபிளும் அடிப்பார்கள். வண்ணம் தப்பி விழுந்த தாள்கள் வீடு முழுக்கக் கிடக்கும். கிளிக்கு வெளியே பச்சை, மயிலுக்கு வெளியே நீலம். அவற்றின் பின்பக்கத்தில்தான் நான் எழுதிப் பழகினேன். எனக்குச் சிநேகிதர்கள் கிடையாது. மிஷின் சத்தத்தில் வளர்ந்ததால் உரக்கப் பேசுவேன் என்று பையன்கள் கேலி செய்தார்கள். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். தமிழில் வகுப்பில் நான்தான் முதல். அந்த ஒன்றை வைத்துத்தான் என்னை நான் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பனிக்காலத்தில் எங்கள் வகுப்பு நிரம்பும். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். தீபாவளியோடு வெடி ஆபீஸை மூடினால் மறுபடி திறக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். திறந்த பிறகும் மார்கழி முடியும்வரை வேலை மந்தம்தான். ராத்திரிப் பனியில், ஒட்டிவைத்த காகிதக் குழாய் காயாது. வெயில் ஏறினால்தான் வேலை. ஆகவே ஆடியிலும் ஆவணியிலும் காலியாகக் கிடந்த பெஞ்சுகளில் கார்த்திகையில் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். விரல் நகங்களில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். மார்கழி பிறக்கும்போது நகம் வெளுத்து நம் நகம் போலாகிவிடும். தை பிறந்ததும் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள்.

அவளும் அப்படி வந்தவள். எம். புதுப்பட்டியிலிருந்து நடந்து வருவாள். எஸ்.எஸ்.எல்.சி வரைக்கும் அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தமிழ் சார்தான் எங்கள் வகுப்பாசிரியர். அவள் வராத நாட்களிலும் அவள் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்துவிடுவார். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வகுப்பில் பாதிப் பேரின் அக்காவோ தங்கையோ ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் மார்கழியில் சார் 'பனிக்காலம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். புல் நுனியில் முத்து, மலை முகட்டில் வெண்பட்டு, நடுங்கும் பறவைகள், கணப்பின் அருகே முதியோர். எங்கள் ஊரில் மலையும் கிடையாது, கணப்பும் கிடையாது. மார்கழியில்கூடப் பத்து மணிக்கு வேர்க்கும். ஆனால் இலக்கியம் என்றால் நம் ஊரில் இல்லாததை எழுதுவது என்றுதான் நான் நம்பியிருந்தேன். முன்பனி, பின்பனி என்று இலக்கணம் பிரித்ததையும் சேர்த்து எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

சார் அவளுடைய கட்டுரையை வாசித்தார். ஒரு பக்கம்கூட வராது. பனிக்காலம் என்றால் எங்கள் வீட்டில் பசை காயாத காலம் என்று அது தொடங்கியது. அந்த மாதங்களில் அம்மா விடிந்த பிறகும் படுத்திருப்பாள், அவள் சேலையில் வெடிமருந்து வாடை போய் அவளுடைய வாடை வரும், அது எனக்கு மறந்துபோகும், ஒவ்வொரு வருஷமும் பனி வந்து ஞாபகப்படுத்தும் என்று எழுதியிருந்தாள். வாசித்து முடித்துச் சார் அந்தத் தாளை மேசையில் தனியாக எடுத்துவைத்தார். பிறகு என் கட்டுரையைப் பற்றி ஒரே வரி சொன்னார். "எழுத்து அழகா இருக்குலே. யாரு வீட்டுப் பனி இது?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். கட்டுரைகளைத் தமிழ் சார் அவரிடம் கொடுத்திருந்தார். தலைமையாசிரியர் அறைக்குக் காப்பி வாங்கிக்கொண்டு போகும் வேலையை அன்று என்னிடம் கொடுத்தார்கள். நான் தம்ளர்களை வைக்கும்போது அதிகாரி அவள் தாளைக் கையில் வைத்திருந்தார். இந்தப் பெண்ணை ஜில்லாப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, உன் வகுப்புத்தானே, எப்படிப் படிக்கும் என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான் சொன்னேன்: "நல்லாப் படிப்பா சார். ஆனா பனிக்காலத்துல மட்டுந்தான் வருவா. மத்த மாசம் பூரா வெடி ஆபீஸ்ல இருப்பா."

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். எப்போதும் உரக்கப் பேசுகிறவன் அன்று மட்டும் மெதுவாகப் பேசினேன். வாய் தவறி வந்தது என்று இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை. தம்ளரை வைக்கும்போதே வாக்கியம் தயாராக இருந்தது. அதிகாரி வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். தலைமையாசிரியர் என்னைப் பார்க்காமலே, "நீ போலே" என்றார்.

அந்த வாரத்திலேயே அவள் பெயரை அடித்துவிட்டார்கள். பரீட்சை எழுத முடியாது. தமிழ் சாரைக் கடற்கரைப் பக்கம் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று சார் என் தோளைத் தட்டி, "உன் வீட்டுப் பனிய எழுதுலே" என்றார். நான் தலையாட்டினேன். அந்த வருஷம் தமிழில் நான்தான் முதல்.

அதன் பிறகு நான் நன்றாகப் படித்தேன். தமிழ் எம்.ஏ., வேலை, ஓய்வு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பொழுதுகள் பற்றிப் பாடம் நடத்தும்போது, பனிக்காலம் என்றால் பசை காயாத காலம் என்று சொல்லி நிறுத்துவேன். ஆபீஸ் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஐயா எங்கள் வாழ்க்கையை எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். யார் எழுதியது என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. படிப்பையும் எடுத்துக்கொண்டு வரியையும் எடுத்துக்கொண்டேன்.

அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் அது பொய். அவள் அதே ஊரில்தான் இருக்கிறாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். விருதுநகரிலிருந்து இரண்டு பஸ். போகவில்லை, அவ்வளவுதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் போனேன். ஆபீஸெல்லாம் மூடியிருந்தது. தெருவில் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காட்டினார்கள்.

முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. (இப்போது அவரை அவள் என்று எழுத முடியவில்லை.) லேபிள் அச்சகக்காரர் மகன் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார். "வாங்க, காப்பி குடிக்கீகளா? இல்ல, வெயில்ல வந்திருக்கீக, மோர் தரவா?" என்றார். நான் உட்காரவில்லை. தயார் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், வயது தடையில்லை, நானே வந்து சொல்லித்தருகிறேன் என்று. அவர் சிரித்தார். வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "ஏளா, இங்கன வா. இந்த ஐயா என்னைய பரிச்சை எழுதச் சொல்லுதாக" என்றார். அவளும் வந்து சிரித்துவிட்டு, பாஸாயிட்டா கலெக்டர் ஆகிருவியா மதினி என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் நான் செய்ததைச் சொன்னேன். அந்த வரியைத் திருடியதையும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

வரியைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. "அப்படியா எழுதியிருந்தேன்?" என்று மட்டும் கேட்டார். நினைவில்லை. நினைவிலிருந்தது வேறு.

"சார்தான் சொல்லிட்டாருன்னு நெனச்சிருந்தேன்" என்றார். "தன் வேலையக் காப்பாத்திக்கிட என்னையக் காட்டிக் குடுத்துட்டாருன்னு. ஊர விட்டுப் போகுமுன்ன சார் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. அம்மா எம்புட்டோ கூப்பிட்டுச்சு. நான் கதவத் தெறக்கல. ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாரு."

எனக்கு இது தெரியாது. ஒரு பரீட்சையை, சாரின் வேலையிடத்தை மட்டும்தான் நான் கெடுத்ததாக நினைத்திருந்தேன்.

சார் இப்போது எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார், மனைவி சாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "எங்கிட்டச் சொன்னத அங்கன வந்து சொல்லுங்க" என்றார். மோர் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சிவகாசி பஸ் நிலையத்தில் சந்தித்து டவுன் பஸ்ஸில் சாத்தூர் போனோம். அவர் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நான் பின்னால். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி. அவருக்கு டிக்கெட் எடுக்கும் வாய்ப்புக்கூட எனக்கு இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

சாரின் மனைவிக்குக் காது மந்தம். வாசல் திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சத்தமாச் சொல்லுங்க தம்பி" என்றார். நான் சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். யாரு, எந்த ஆபீஸரு என்று கேட்டார். கடைசியில், பள்ளியில் கேலி செய்தார்களே, அந்த மிஷின் வீட்டுக் குரலில் கத்தினேன். "நான்தான் சொன்னேன்! சார் சொல்லல! நான்தான் காட்டிக் குடுத்தேன்!" தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்று தலைமையாசிரியர் அறையில் மெதுவாகச் சொன்னது இன்று தெருவுக்குக் கேட்டது.

அந்த அம்மா என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "பசை காயலன்னு எழுதுன பிள்ளையா நீ?"

அவர் தலையாட்டினார்.

"மார்கழி வந்தா அவுக அதச் சொல்லுவாக. உங்க வீட்டுக்கு வந்துட்டு வந்த அன்னிக்குச் சோறு திங்கல." பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி கொண்டாந்த பையன்தான்னு ஹெட்மாஸ்டர் அவுககிட்டச் சொல்லிட்டாரு தம்பி. சின்னப்பய, விடுன்னுட்டாக" என்றார்.

தோளைத் தட்டினபோது சாருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றேன். உள்ளே அழுகையும் கேட்டது, பிறகு பாத்திரச் சத்தமும் கேட்டது. திரும்பும்போது சிவகாசி நிலையத்தில் அவருடைய புதுப்பட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைத்துவிட்டு நின்றார்.

"சார் உங்கள விட்டுட்டாராம்" என்றார். "எனக்கு அப்படி விட வரல. வந்து சொன்னீக, சரி. அம்புட்டுத்தான்."

ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் புதுப்பட்டிக்குப் போகவில்லை. நண்பர்கள் எப்போதாவது பேசக் கூப்பிட்டால் போகிறேன். அந்த வரியைச் சொல்ல நேர்ந்தால், என்னோடு படித்த ஒருவர் எழுதியது, அவர் பரீட்சை எழுத முடியாமல் போனதற்கு நான் காரணம் என்று சேர்த்துச் சொல்கிறேன். கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. கூப்பிடுவது குறைந்துவிட்டது.

சாரின் மனைவி சில சமயம் போன் செய்வார். தொண்ணூறை நெருங்குகிற குரல். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். வருஷாவருஷம் ஆபீஸ் வேலை மந்தமாகிற பனி மாதங்களில் புதுப்பட்டியிலிருந்து அவர் சாத்தூருக்கு வந்து இரண்டு மூன்று நாள் தங்குகிறாராம். இருவரும் சேர்ந்து சாரைப் பற்றிப் பேசுவார்களாம்.

போன மார்கழியில் ஒரு காலையில் அப்படித்தான் போன் வந்தது. இங்கும் நல்ல பனி. மாடிச் சுவரில் கை வைத்தால் ஈரம். "தம்பி, அவ வந்திருக்கா. பேசுதீகளா?" என்றார். சரி என்றேன். போனைக் கீழே வைக்கும் சத்தம், காலடி, தூரத்தில் இரண்டு பெண்களின் பேச்சு. என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. காத்திருந்தேன்.

"அவ வேலையா இருக்கா தம்பி" என்றார் அந்த அம்மா, திரும்பி வந்து.

பரவாயில்லை என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.