முழுசா வந்துச்சா?

பல் டாக்டரின் நாற்காலியில், வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டும் மனிதர் விடவில்லை. பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "முழுசா வந்துச்சா?" அதற்கு வெகுகாலம் முன்பே அவருக்கு 'முழுசு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தொழில் கார் மெக்கானிக். பட்டறையில் எது உடைந்தாலும் அதன் துண்டுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துப் பொருத்திப் பார்ப்பார். வீட்டிலும் இதே கதைதான். கண்ணாடி டம்ளர் உடைந்தால், துண்டுகள் சேர்ந்து வட்டம் கூடும்வரை யாரும் சமையலறையில் கால் வைக்கக் கூடாது. "இந்த வீட்ல ஒரு டம்ளரை நிம்மதியா உடைக்க முடியுதா?" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு இன்னொரு குறையும் உண்டு. கை கழுவுவதில் முழுசு அரைகுறை. விரல்களுக்குத் தண்ணீரைக் காட்டுவதோடு சரி. வீட்டுக் கதவுகளில் எல்லாம் கிரீஸ் ரேகை.

அன்று என் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். பக்கத்தில் இன்னொரு கார் வாயைப் பிளந்து நின்றது. முழுசின் தங்கையின் கணவர் வாடகைக்கு ஓட்டுவது. தங்கை வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு காரை நம்பித்தான். என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், அந்தக் காற்றின் சூட்டை அளக்க விரல் நீளத்தில் ஒரு சென்சார் செருகியிருக்கும். நுனியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கூடு. பழுதான அதை உருவும்போது கூடு நொறுங்கிக் குழாய்க்குள் விழுந்துவிட்டது.

முழுசு முதல் வேலையாகக் கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "துண்டு உள்ள போய் வால்வுல சிக்குச்சுன்னா என்ஜினே காலி, மாப்ள."

கறுப்புக் குழாய்க்குள் கறுப்புத் துண்டு. வீட்டிலிருந்து வேக்குவம் கிளீனரை வரவழைத்து, அதன் வாயில் பழைய காலுறையைக் கட்டி உறிஞ்சினார். ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கேமரா வைத்த ஒயரை விட்டுத் துழாவியதில் இன்னொன்று. தட்டில் வைத்துக் கிரீஸால் ஒட்டிப் பார்த்தார். கூட்டில் இன்னும் ஒரு மூலை குறைந்தது.

மாப்பிள்ளைக்கு மதியம் சவாரி. விட்டால் வேறு வண்டிக்குப் போய்விடுகிற வாடிக்கை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. "உள்ள வேற ஒண்ணும் இருக்காது மச்சான். புதுசைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. நான் சொல்றேன்ல?"

அதை அவர் சொன்ன உறுதிதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. முழுசுக்கும் அப்படி இருந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, உடைந்த விளிம்புகளை வெயிலில் காட்டினார். இரண்டு விளிம்புகள் பளபளவென்று புதிதாக இருந்தன. துண்டு இல்லாத அந்த மூலையில் மட்டும் எண்ணெய்க் கரி படிந்திருந்தது.

"இது இன்னிக்கு உடைஞ்சது இல்ல. முன்னாடியே யாரோ ஸ்க்ரூடிரைவரை வெச்சு நெம்பியிருக்காங்க."

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். "நான் அதைத் தொடவே இல்லையே" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் ஒரு மனிதரைக் குனியவைத்து முதுகை ஒடித்தது எதற்காக? ஆனால் முழுசுக்கு அவர் தங்கை புருஷன் ஆயிற்றே. ஒரு சொல் தடித்தால் அது நேராகத் தங்கையின் வீட்டுக்குள் போகும். முழுசு கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றினார்.

"நான் கை கழுவிட்டு வரேன். வர்றதுக்குள்ள அந்தத் துண்டு தட்டுல இருந்தா, எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டேன்."

குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சோப்பைத் தேய்த்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி சோப்பை எடுத்து முழங்கைவரை நுரைத்துக்கொண்டார். டாஷ்போர்டு அறையை மாப்பிள்ளை கிளறும் ஓசை வந்தபோது, கழுவிய கையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். கதவு மூடியது. தட்டில் கறுப்பாக ஒரு துணுக்கு வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார்.

அப்போதுதான் முழுசு குழாயை மூடினார்.