செயற்கைக்கோளின் கடிகாரமும் செல்வராஜண்ணனின் கழித்தலும்

மீன்பிடி போட்டுகளுக்கு ஜிபிஎஸ் பெட்டி மாட்டுவது சுலபம். அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். சாமான் விற்ற கையோடு விளக்கமும் கொடுத்து மாட்டிக்கொண்ட சக பாவிகளே, கேளுங்கள்.

பெட்டி வாங்க வந்தவர்

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் என் கடை. போட்டுக்காரர் செல்வராஜண்ணன், "நடுக்கடல்ல நான் நிக்கிற இடம் இதுக்கு எப்படித் தெரியுது?" என்றார். விடுவேனா? செயற்கைக்கோள் அனுப்புகிற நேரத்தை வைத்துத்தான் கணக்கு என்றேன். அது பறக்கிற வேகத்தில் அதன் கடிகாரம் துளி பின்தங்கும். ஆனால் அந்த உயரத்தில் பூமியின் இழுப்பு குறைவு. அதனால் அதைவிட அதிகமாக முந்தும். "அப்படியே விட்டா ஒரே நாள்ல பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்ணே" என்று பீற்றிக்கொண்டேன்.

அதையெல்லாம் சரிக்கட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வதற்குள் போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால் அண்ணன் பெட்டியும் கையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பத்து கிலோமீட்டரா? நல்லவேளை சொன்னீங்க தம்பி!"

பஸ்ஸில் வந்தவர்

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர், தீவின் வடகோடியில் இருக்கிற திக்லிபூர் பள்ளி வாத்தியார். நாள் முழுக்க பஸ்ஸில் வந்த இடுப்பைப் பிடித்தபடி சொன்னார்: "அரே பாய், ஓடுறவனுக்கு நேரம் மெதுவாப் போகும்னா, இந்த பஸ்ஸுல வந்துபோற நான் இன்னும் டவுசர் போட்டுட்டுல்ல இருக்கணும்!"

கழித்தல்

அடுத்த மாதம் செல்வராஜண்ணனின் போட் எஞ்சின் கடலில் நின்றுவிட்டது. காற்று வேறு. வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொன்னார். தேடிப்போனவர்கள் அங்கே பார்த்தால் வெறும் தண்ணீர். அவர் மனைவி லில்லியக்கா கடைக்கே வந்து, "நீங்க குடுத்த பெட்டிதானே தம்பி!" என்று அழுதார்.

இருவரும் படகுத்துறைக்கு ஓடினோம். அங்கிருந்தவரிடம் வயர்லெஸ் மைக்கை வாங்கி, "அண்ணே, பெட்டியில இருக்கிற நம்பரை அப்படியே படிங்க" என்றேன்.

"அது தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? பத்து கிலோமீட்டரைக் கழிச்சுட்டுல்ல சொன்னேன்!"

கழிக்காத நம்பரைக் கெஞ்சி வாங்கி, தேடுகிற போட்டுக்குச் சொன்னேன். இருட்டுவதற்குள் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். அண்ணன் கரையேறியதும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, பெட்டியை மட்டும் வித்தாப் போதும். வானத்துக் கதையெல்லாம் இவர்கிட்ட சொல்லாதீங்க, எனக்கு இருக்கிறது ஒரே புருஷன்!"

இப்போதெல்லாம் எந்த போட்டில் ஏறினாலும் திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டுதான் பெட்டி மாட்டுகிறேன், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல முடியாது பாருங்கள்.