மாப்பிள்ளை அழைப்பில் என் எஞ்சின்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், அரியலூரில் நடுரோட்டில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை நிறுத்தினேன். கார் சாவியைப் பிடுங்கினேன். காரின் முகத்தில் கட்டியிருந்த சாமந்தி மாலைகளைப் பிய்த்துக் கீழே போட்டேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ சுற்றுகிறது. அதில் பட்டுப்புடவையோடு ஆவேசமாக இருப்பது நானேதான். மறுக்கவில்லை. வீடியோவில் இல்லாததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கார் என்னுடையது.

இந்த ஒரு வரியைத்தான் எங்கள் குடும்பத்தில் யாரும் இன்னும் முழுசாக நம்பவில்லை. கார் என்றால் அது வீட்டு ஆம்பளையுடையது. பொம்பளைக்கு அதிகபட்சம் ஸ்கூட்டி. அதுவும் காய்கறி வாங்க.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – எனக்கு எஞ்சின் பைத்தியம் உண்டு. டிப்ளமோவில் ஆட்டோமொபைல் படித்தவள். ஒரு பழைய ஹேட்ச்பேக்கை வாங்கி, பெரம்பலூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் வைத்து, ஒரு வருடமாக அதன் எஞ்சினைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

டர்போ வேண்டாம் என்பது முதலிலேயே எடுத்த முடிவு. டர்போ என்பது காற்றை உள்ளே ஊதித் திணிக்கிற சமாச்சாரம். அது இல்லாத எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே அதிலிருந்து அதிக சக்தி எடுக்க வேண்டுமென்றால், உள்ளே இருப்பதையெல்லாம் மாற்ற வேண்டும். அழுத்தத்தைக் கூட்ட ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதைத் தாங்க வலுவான கனெக்டிங் ராடு. வால்வுகளை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேறு கேம்ஷாஃப்ட். மூச்சுப் போகிற வழியை இழைத்து இழைத்து அகலப்படுத்தியது தனிக்கதை. வீடெல்லாம் அலுமினியத் தூள்.

பிஸ்டன்கள் வந்தது துபாயிலிருந்து. லப்பைக்குடிக்காட்டில் இருக்கும் என் தோழி நசீமாவின் தம்பி, லீவில் வரும்போது பேரீச்சம்பழத்துக்கும் தைலப் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து என் கணவரிடம் நீட்டி, “மச்சான், சரியான சாமான்தானான்னு பாத்துக்கங்க” என்றார். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிஸ்டனைக் கவிழ்த்து வைத்தால் டபரா என்று நினைக்கிற மனிதர். மிகுந்த மரியாதையோடு வாங்கி என்னிடம் கொடுத்தார்.

இதாவது பரவாயில்லை. எஞ்சின் பிளாக்கை போர் பண்ண, அதாவது சிலிண்டர் துளைகளைக் கடைந்து அகலமாக்க, திருச்சியில் ஒரு பட்டறைக்குப் போனோம். “சார், பிஸ்டனுக்கும் போருக்கும் கேப் எவ்ளோ விடலாம்?” என்று பட்டறைக்காரர் என் கணவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினார். “அதையே வச்சிடலாங்களா சார்?”

நான் என்ன டப்பிங் ஆர்ட்டிஸ்டா?

சரி, போகட்டும். எஞ்சின் உயிர் பெற்றது. முதல் முறை ஸ்டார்ட் ஆன அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த மாதம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் விடுகிறார்கள். பெயர் கொடுத்தேன். அதற்குள் புது எஞ்சினைப் பழக்க வேண்டும்.

இந்தப் பழக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசி உட்கார வேண்டும். அதுவரை எஞ்சினை ஒரேயடியாக விரட்டக்கூடாது. ஆனால் நின்ற இடத்திலும், ஊர்ந்துகொண்டும் உறுமவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். ரிங் உட்காராது. அழுத்தம் நிற்காது. அவ்வளவு பாடுபட்டதும் வீண். அதனால் தினமும் காலையில் அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் என் கணவருக்குச் சாப்பிடும்போது விளக்கியிருக்கிறேன். முதல் பாதி மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இரண்டாம் பாதி வரும்போது அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவருடைய சித்தப்பா மகனுக்கு அரியலூரில் மாப்பிள்ளை அழைப்பு. சீர்த்தட்டு அடுக்குகிற வேலை இருந்ததால் நான் மதியமே பஸ்ஸில் போய்விட்டேன். அவர் பின்னால் வருவதாகப் பேச்சு. எதில் வருகிறார் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில்தானே வருவார்?

பிள்ளையார் கோயில் வாசலில் தட்டோடு நிற்கிறேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கார் வருகிறது. சிவப்புப் பெயிண்ட் மின்ன, ஒரு புதுப்பெண்ணைப் போல. முன்பக்க கிரில் தெரியாத அளவுக்குச் சாமந்தி, நடுவே ரோஜா, ஓரமெல்லாம் ஜிகினா. எஞ்சின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டருக்குக் காற்று போவது அந்த கிரில் வழியாகத்தான். சித்தப்பா – எனக்கு மாமா – பக்கத்தில் நடந்து வருகிறார், தானே அந்தக் காரைப் பெற்றவர் போல.

“வாடகைக் கார் எதுக்கும்மா? நம்ம வூட்டுலயே கார் இருக்கு. அவன்கிட்ட கேட்டேன், உடனே சரின்னுட்டான்.”

அவனிடம் கேட்டாராம். அவன் சரி என்றானாம்.

டிரைவர் சீட் ஜன்னலில் குனிந்து, “என்னங்க இது?” என்றேன்.

என் கணவர் முகத்தில் குற்ற உணர்ச்சி என்று ஒன்று இல்லவே இல்லை. சந்தோஷமாக இருந்தார். “நீதானே சொன்ன, புது எஞ்சினை விரட்டக்கூடாதுன்னு? ஊர்வலத்துல மெதுவாத்தான் போகும். பழக்குறதுக்கு இதைவிட நல்ல சான்ஸ் கெடைக்குமா?”

நீங்களே சொல்லுங்கள்… இவரிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகளின் கதி என்ன?

நான் வாயைத் திறப்பதற்குள் பேண்டு செட் ஆரம்பித்துவிட்டது. பெண்கள் வரிசை என்னை முன்னால் தள்ளிவிட்டது. கையில் பழத்தட்டு. முன்னால் பையன்கள் ஆட்டம். ஒரு பாட்டு முடிகிறவரை ஊர்வலம் ஓரடி நகராது. பின்னால் என் எஞ்சின் நின்று நின்று உறுமுகிறது. அந்த கேம்ஷாஃப்ட்டுக்கு மெதுவாக ஓடுவது பிடிக்காது, தடுமாறும். தடுமாறுகிற சத்தம் கேட்டுக் கூட்டம் குஷியாகிறது. “இன்னொருவாட்டி முறுக்குண்ணே” என்கிறான் ஒருவன். அவரும் முறுக்குகிறார்.

தட்டோடு நடந்தபடியே ஒவ்வொரு உறுமலையும் எண்ணிக்கொண்டு வந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

கடைத்தெரு முனை வந்தபோது அந்த வாசனை அடித்தது. ரேடியேட்டரில் கூலன்ட் கொதிக்கிற இனிப்பு வாசனை. தட்டைப் பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். டெம்பரேச்சர் முள் சிவப்பில் நிற்கிறது. உள்ளே ஏசி வேறு ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு வியர்க்கக்கூடாதாம்.

“ஆஃப் பண்ணுங்க.”

“மண்டபம் தெரியுது பாரு. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

“எஞ்சின் போயிடும். ஆஃப் பண்ணுங்க.”

மாமா குறுக்கே வந்தார். “ஊர்வலம் பாதியில நிக்கக்கூடாதும்மா. சகுனம் சரியா இருக்காது. பேசாம போ, அவன் பாத்துப்பான்.”

அவன் பாத்துப்பான். அவ்வளவுதான், எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியைத் திருகி உருவினேன். முன்பக்கம் போய் மாலைகளைப் பிய்த்தேன். பேண்டு நின்றது. பையன்களின் ஆட்டம் நின்றது. செல்போன்கள் மட்டும் நிற்கவில்லை.

அத்தனை பேரில் பதறாதவன் மாப்பிள்ளை ஒருவன்தான். கதவைத் திறந்து, “பரவால்லண்ணி, நான் நடந்தே வரேன்” என்றான். நல்ல பிள்ளை.

ஆனால் மாமா விடுவாரா? மாப்பிள்ளை நடந்து வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? “உக்காருடா உள்ள” என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். மற்றப் பெரியவர்களும் கட்டினார்கள். அணைந்த எஞ்சினோடு காரை எல்லோருமாகத் தள்ளினார்கள். என் கணவரை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஊர்வலம் வேகமாகப் போனது அப்போதுதான்.

மண்டபத்து வாசலில் பானெட்டைத் திறந்து வைத்தேன். ஆவி அடங்கியதும் வேட்டிகள் சுற்றி நின்றன. மாமா என் கணவரைப் பார்த்து, “என்னப்பா கோளாறு?” என்றார்.

“நான்தான் சித்தப்பா” என்றார் என் கணவர். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இரவுப் பந்தியில் அவருக்கு இலை போட்டேன்.

பந்தியில் மாமா சம்பந்தியிடம் பேசியது என் காதில் விழுந்தது. “எங்க மருமக தனி ஆளா இஞ்சினே கட்டுவாங்க.” என்ன பெருமை, என்ன பூரிப்பு. கௌரவம் பண்ணுவதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. மாலையைக் கொண்டுவந்து முகத்திலேயே கட்டுவோம். அந்த முகத்துக்கு மூச்சு விட இடமிருக்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர்களின் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் தேவலை. மூன்றாவது சிலிண்டரில் முள் ஏறவே மறுக்கிறது. எஞ்சின் ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டும். பிளாக்கைத் திரும்பத் திருச்சிக்கு எடுத்துப் போக வேண்டும். கோயம்புத்தூருக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் பாதி, கோபத்தில் பாதி. என் கணவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை மாமாவிடமிருந்து போன். என் கணவருக்கு இல்லை, என் நம்பருக்கு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

“கோவிச்சுக்காதம்மா. வண்டி ஒன்னோடதுன்னு அவன் வெவரமா சொன்னான். ஒன்கிட்ட கேக்காம எடுத்தது தப்புதான்.”

எனக்கு மனசு உருகிவிட்டது. “பரவால்லீங்க மாமா” என்றேன்.

“அதான் இந்தவாட்டி ஒன்கிட்டயே கேக்குறேன். சின்னவனுக்குத் தை மாசம் முகூர்த்தம் வச்சிருக்கு. மாலையெல்லாம் வேணாம், ரிப்பன் மட்டும் கட்டிக்கலாம். வண்டி தருவியாம்மா?”

கேட்டுவிட்டார், பாருங்கள். இத்தனை வருடத்தில் ஒருவர் என்னிடமே கேட்டுவிட்டார். கேட்டால்தானே நமக்கும் ஒரு வசதி கிடைக்கிறது?

“முடியாதுங்க மாமா” என்றேன்.