வெள்ளை நூல் மூட்டைகள்

எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்தால்தான் ஒழுங்கு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பேசுகிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், பாவம். எனக்கோ பெரம்பலூர் ரோட்டோரம் நின்ற ஒரு தகரக் கொட்டகையும், அதற்குள் அழுகிய வெங்காயத்தின் நாற்றமும்தான் நினைவுக்கு வரும்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு சின்ன வெங்காய ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் பொறுப்பில் இருந்தேன். கம்பெனி என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை, ஒரு ஃபேக்ஸ் மெஷின், நான். முதலாளி லெப்பைக்குடிக்காட்டுக்காரர், தங்கமான மனிதர். அவருடைய தம்பி துபாயில் மளிகைக் கடைகள் வைத்திருந்தார். வாரம் தவறாமல் எங்கள் வெங்காயம் திருச்சி ஏர்போர்ட் வழியாக அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

செட்டிகுளத்தைச் சுற்றி வெங்காயத்துக்குக் குறைவில்லை. பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தைத் தாளோடு, அதாவது காய்ந்த இலையோடு, வயலோரத்துப் பட்டறையில் சேர்த்துவிடுவார்கள். பட்டறை என்பது நாலு பக்கமும் காற்று புகுந்து போகிற மாதிரி மூங்கிலில் கட்டி, மேலே கூரை வேய்ந்த நீளமான அடைப்பு. தாள் இருக்கிறவரை வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். தாளையும் வேரையும் அறுத்துவிட்டால் அப்புறம் நாட்களை எண்ண வேண்டியதுதான். அறுப்பது பெண்களின் வேலை.

நான் சேர்ந்தபோது ஏற்பாடு என்று எதுவும் கிடையாது. மொத்தச் சரக்கும் ஒரே ஊரிலிருந்து வரும். அங்கே மழை பெய்தால் கரிசல் மண்ணில் டெம்போ இறங்காது. மலைக்கோயில் தேர் என்றால் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள். அந்த வாரம் துபாய்க்கு ஒன்றும் போகாது, முதலாளி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தம்பியிடம் திட்டு வாங்குவார். ஒரு வருடம் மல்லுக்கட்டி நான் அதை மாற்றினேன். நாலு ஊர் பிடித்தேன். ஒவ்வோர் ஊரும் தன்னளவில் முழுசு. பட்டறையும் அங்கே, அறுக்கிற பத்துப் பெண்களும் அங்கே, தராசும் டெம்போவும் அங்கே. புறப்படுவதற்கு முந்தின நாள்தான் அறுக்க வேண்டும் என்பது ஒரே சட்டம். ஓர் ஊர் படுத்துவிட்டால் மற்ற மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். துபாயில் கூடுதலாகக் கேட்டால் ஐந்தாவது ஊரைச் சேர்க்க ஒரு தராசும் ஒரு நூல்கண்டும் போதும்.

அந்த நூல்கண்டு முக்கியம். மூட்டை வாயைத் தைக்கிற நூலை ஊருக்கு ஒரு நிறமாகக் கொடுத்திருந்தேன். சிவப்பு நூல் மூட்டையில் கல் கிடந்தது என்று துபாயிலிருந்து ஃபேக்ஸ் வந்தால், அடுத்த பஸ்ஸில் அந்த ஊருக்கே போய்க் கேட்டுவிடலாம். அப்படி ஒரு தடவை போய்க் கேட்டேன். தங்கள் தப்புதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அதோடு சரி, மறுபடி கல் வரவில்லை.

சிவப்பு நூல் ஊரில் பத்துப் பேருக்கும் மூத்தவராக ஓர் அக்கா இருந்தார். கையால் தொட்டே ஈரம் சொல்லிவிடுவார். சந்தேகமான வெங்காயத்தை, டெம்போவுக்கு நேரமாகிறது என்று நான் கெஞ்சினாலும், மூட்டையில் போட விடமாட்டார். அவரிடம் நான் வாங்கிய வசவு கொஞ்சமில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அப்போதுதான் முதலாளியின் மருமகன் சென்னையில் மேனேஜ்மெண்ட் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தார். முதலாளி அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார், அதனால் கம்பெனிக்கே அவர் மாப்பிள்ளை. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு ஊரையும் ஒரே காலையில் சுற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு சிஸ்டமா என்று கேட்டார். மாதம் முடிவதற்குள் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை எழும்பிவிட்டது. நாலு ஊர் வெங்காயமும் அங்கே வந்து குவிந்தது. பெண்கள் பஸ் பிடித்து அங்கே வந்து அறுக்க வேண்டும். மூட்டை தைக்க மெஷின் வந்தது. மெஷினுக்கு வெள்ளை நூல் மட்டும்தான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எந்நேரமும் சரக்கு தயாராக இருக்க வேண்டும் என்று, வந்த வெங்காயம் மொத்தத்தையும் தாள் அறுத்து, மூட்டை கட்டி, தகரத்தை முட்டுகிற அளவுக்கு அடுக்கச் சொன்னார். தாளை எடுத்துவிட்டால் தாங்காது, அனுப்புவதற்கு முந்தின நாள் அறுத்தால் போதும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"குப்பைக்கு எதுக்கும்மா எடம்?" என்றார் மாப்பிள்ளை. வெங்காயத்தோடு பிறந்த ஊர்க்காரர் சொல்கிற பேச்சா அது?

மூன்றாவது வாரம் போன சரக்கு முழுக்க அழுகல். துபாய்த் தம்பிக்கு எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். சிவப்பு நூல் ஊர்ப் பெண்கள் மழையில் நனைந்து பஸ் ஏறி வந்தார்கள், அவர்கள்தான் ஈர வெங்காயத்தைக் கலந்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை கூசாமல் சொன்னார். எங்கே பார்த்தார்? பார்க்கவே இல்லை. ஆனால் இல்லை என்று யார் நிரூபிப்பது? எல்லா மூட்டையிலும் வெள்ளை நூல். பழைய நூல் இருந்திருந்தால், நாலு நிற மூட்டையும்தான் அழுகியது என்று ஒரே ஃபேக்ஸில் உண்மை வெளியே வந்திருக்கும். ஒரே கூரைக்குள் எல்லாவற்றையும் கொட்டிக் கலந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான், பழியை யார் தலையில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

கடிதத்தை அவரே டைப் அடித்தார். பேக்கிங் பொறுப்பு என்னுடையது என்பதால் கையெழுத்து என்னுடையது வேண்டும் என்றார். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் என்றார். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. அந்த ஊர்ப் பெண்களை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை அதோடு விட்டாரா? தன் கொட்டகைக்கு அவப்பெயர் வரக்கூடாது என்று டவுனில் இருந்த நாலு வெங்காய மண்டிகளுக்கும் கடிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் காட்டினார். அதற்கப்புறம் எந்த மண்டியும் அந்தப் பெண்களை அறுக்கக் கூப்பிடவில்லை.

அடுத்த மாதமும் சரக்கு அழுகியது. இந்தத் தடவை கொட்டகையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்திகூட இல்லை. மாப்பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டு மாமனாரின் வேறு தொழிலைப் பார்க்கப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, பழைய மாதிரியே நாலு ஊரையும் ஆரம்பிக்கச் சொன்னார். அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"வேலதான் திரும்பக் குடுக்குறோமேம்மா. பழச தோண்டுனா மாப்புள மொகத்த எங்க கொண்டுபோயி வெப்பாரு?"

மாப்பிள்ளைக்கு இருக்கிற முகம் பத்துப் பெண்களுக்குக் கிடையாதா? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தராசைத் தூக்கிக்கொண்டு டெம்போவில் ஏறினேன்.

சிவப்பு நூல் ஊரில் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை.

"தராச எறக்காத தங்கச்சி. மண்டியில ஒரு லெட்டர படிச்சுக் காட்டுனாங்க. அடியில ஒன் பேரு இருக்குன்னாங்க. நெசமா?"

நிஜம்தான் என்றேன். எழுதியது மாப்பிள்ளை என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"அப்ப நீயே மாத்தி எழுது. அத படிச்ச எடத்துலல்லாம் போயி இத படி. அதுக்கப்புறம் நாங்க கத்திய எடுக்குறோம்."

அன்றைக்கே ஆபீசுக்குத் திரும்பி எழுதினேன். அழுகியது தாள் அறுத்து அடுக்கியதால், இந்தப் பெண்கள் எதையும் கலக்கவில்லை, முந்தைய கடிதத்தில் நான் கையெழுத்திட்டது பொய். முதலாளியிடம் கேட்காமலே துபாய்க்கு ஃபேக்ஸ் போட்டேன். பிறகு நாலு மண்டிக்கும் நடந்தேன். சத்தமாகப் படித்தேன். ஒருவர் தலையாட்டினார், ஒருவர் லோடு இறங்குவதை நிறுத்தாமலே கேட்டார். ஒரு மண்டிக்காரர் என் கையிலிருந்து நகலை வாங்கி, நுனியை முறுக்கிக் காதைக் குடைந்தார். பழி சொன்ன கடிதத்தை எத்தனை அக்கறையாகப் படித்திருப்பார் இந்த மனிதர் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரிடம் இரண்டாம் தடவையும் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

மறுநாள் ஊரில் பெண்களை உட்காரவைத்து அவர்களுக்கும் படித்தேன். அக்கா கடைசி வரி வரை கேட்டார். நல்லாத்தான் எழுதியிருக்க என்றார். எட்டுப் பேர்தான் இருந்தார்கள். மற்ற இருவர் எங்கே என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"அவளுவ ரெண்டு பேரும் வேல இல்லாம திருப்பூருக்குப் போயிட்டாளுவ. தப்பு பண்ணுனவளுவன்னு ஊரே பேசுச்சு. அது காதுல விழுந்துதான் பஸ் ஏறுனாளுவ. அவளுவளுக்கு யாரு படிச்சுக் காட்டுறது?"

முகவரி கேட்டேன். யாரிடமும் இல்லை.