ஆடிக் காற்றில் இரண்டு நாள்

ஓசூரில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பாட்டிலுக்குள் ஆர்க்கிட் கன்றுகளை வளர்ப்பது, பிறகு அவற்றை வெளிக்காற்றுக்குப் பழக்குவது. கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தபின் கை சும்மா இருக்கவில்லை. கணவரின் அண்ணன் நடத்தும் தீப்பெட்டி ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, பழைய இடத்திலிருந்தே பாட்டிலுக்கு இருபது கன்றாகப் பத்து பாட்டில்களை வரவழைத்தேன்.

பாட்டில் கன்றின் இலையில் மெழுகு இருக்காது. நேரே வெளியே வைத்தால் ஒரே பகலில் வற்றிப்போகும். வேரில் ஒட்டிய, பாட்டிலில் மண்ணுக்குப் பதிலாக இருக்கும் ஊட்டக் கூழைக் கழுவி, கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்ட சின்னத் தொட்டிகளில் நட்டேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீரைத்தான் தெளித்தேன். மேலே நிழல்வலை, அதன் கீழே பிளாஸ்டிக் தாளால் ஒரு கூடாரம். இரண்டாவது வாரம் தாளைக் காலையில் கால் மணி நேரம் விலக்கினேன். பிறகு அரை மணி. ஐந்தாவது வாரம் பச்சை நுனியோடு புது வேர்கள் தெரிந்தன. அன்று பலமுறை போய்ப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் நாகலாபுரத்தில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

"காலையில அரை மணி நேரம் மட்டும் தாள விலக்குனா போதும் அத்தான். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்று கணவரின் அண்ணனிடம் சொன்னேன்.

"நீ போயிட்டு வாம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். தாள் மடிந்து மூலையில் கிடந்தது. தொட்டிகள் எல்லாம் முற்றத்து வெயிலில் வரிசையாக இருந்தன. ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி அவற்றின் மேல் அடித்தது. இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின.

"பழக்கமான ஆளுக பாக்க வந்திருந்தாவ. தாளு பூரா வேர்த்து உள்ள ஒண்ணும் தெரியல. போட்டோ எடுக்கணும்னாவ, வெளிய எடுத்து வச்சோம்," என்றார் அத்தான்.

"திரும்ப உள்ள வச்சிருக்கலாம்லா?"

"வெயில் தாங்காத செடிய இங்கன கொண்டாந்தது யாரு?"

"விடு, அண்ணன் தெரியாமச் செஞ்சிட்டாவ," என்றார் கணவர். நான் சொல்லிவிட்டுப் போனது அவருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எங்களுக்குப் பின்வரிசையில் அத்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பிள்ளைக்கு ஓசூர்ல பாட்டில் கழுவுத வேலைதான்." பக்கத்து இலையில் என் கணவர். அவர் காதிலும் விழுந்தது. ரசம் கேட்டார்.

பதினான்கு கன்றுகள் பிழைத்தன. குளியலறை ஜன்னலோரம் வைத்து முதலிலிருந்து பழக்கினேன். இரண்டு வருடம் கழித்து ஒன்று ஊதாவாகப் பூத்தது. மறுநாள் காலை அத்தான் வந்து, தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் ஆபீஸ் மேஜையில் வைத்தார். "நாங்க வளத்தது," என்று வருகிறவர்களிடம் சொன்னாராம்.

மீதியைத் தென்காசிப் பக்கம் ஒரு நர்சரிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். அத்தான் வீட்டுக்கு வந்தால் காப்பி கொண்டுபோய் வைக்கிறேன். அவர் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. சொன்னாலும் எனக்கு மனம் ஆறாது.