பூவுக்குள் போகாத ஷூ

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ரயில் என்னை மொரப்பூரில் இறக்கிவிட்டது. கையில் ஒரு பை. பைக்குள் பழைய ஷூ ஒரு ஜோடி. அது என்னுடையதல்ல, காவேரி என்பவருடையது.

விளையாட்டு உடையும் ஷூவும் விற்கும் ஒரு பெரிய கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். என் வேலையைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். தேய்ந்த ஷூவைப் புரட்டி அடியைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். புது மாடல் கடைக்கு வருவதற்கு முன், நிறைய நடக்கிற ஆட்களிடம் கொடுத்து ஆறு மாதம் போட்டு நடக்கச் சொல்வோம். தினமும் எவ்வளவு நேரம் போட்டார்கள் என்று அவர்கள் ஒரு படிவத்தில் எழுத வேண்டும். திரும்பி வந்த ஷூவின் அடியைப் பார்த்தே இவர் வலதுபக்கம் சாய்ந்து நடப்பவர், இவர் மாடிப்படி அதிகம் ஏறுபவர் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நல்லம்பள்ளிக்கு அப்பால் சாமந்தி பயிரிடும் காவேரியின் ஷூவையும் அந்தக் கர்வத்தோடுதான் புரட்டினேன். படிவத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் என்றிருந்தது. அடியில் அதற்குப் பாதித் தேய்மானம்கூட இல்லை. குதிகாலைத் தாங்கும் பின்பக்கமோ மிதிபட்டு மடிந்து கிடந்தது. ‘வீட்டுச் செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு, நேரத்தைக் கூட்டி எழுதியிருக்கிறார்’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஷூ போட்டுப் பார்ப்பவர்களில் பத்துப் பேரை மாதச் சம்பளத்தில் நிரந்தரமாக்க இருந்தார்கள். அந்தப் பட்டியலில் காவேரியின் பெயர் இருந்தது. என் ஒரு வரியில் அது போய்விடும். விஷயம் தெரிந்த காவேரி ஆபீசுக்கே போன் போட்டு, “எழுதினவங்களை நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க” என்றுவிட்டார். வியாழன் மாலை மூன்று மணிக்குப் பட்டியல் மூடும், அதற்குள் பார்த்துவிட்டு வா என்று மேனேஜர் என்னை அனுப்பினார்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் போல. கண்டக்டரின் கண் என் காலிலேயே இருந்தது.

“ஷூ நல்லா கீதுங்க. என்னா வெலை?”

“ஒன்பதாயிரம்.”

“ஒரு கன்னுக்குட்டியே வாங்கலாமுங்களே!” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். தருமபுரியில் எண்ணூறு ரூபாய் அறையில் தங்கினேன். கன்றுக்குட்டிக் கணக்கு மனதை விட்டுப் போகவில்லை.

வியாழன், காலை ஐந்து மணி. நல்லம்பள்ளிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கும் இல்லை. கார்த்திகைக் குளிரில் ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. இறங்கிய இடத்தில் காவேரியின் கணவர் மாதேஷ் மொபெட்டுடன் நின்றார். நான்கு கிலோமீட்டர் மண்பாதையில் போய், வயல்களுக்கு நடுவே ஏழெட்டு வீடுகள் உள்ள அவர்களுடைய கொட்டாயில் இறக்கிவிட்டார்.

காவேரிக்கு முப்பது வயது இருக்கும். வாசலில் நின்றிருந்தார். “வாங்க” என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, நேராகக் கேட்டார்.

“நான் பொய் எழுதிட்டேன்னு எழுதுனது நீங்கதானுங்களா?”

“ஆமாம்” என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“சரி, வாங்க. நேரமானா பூவு வாடிடும்.”

கம்பெனி அவருக்குப் புதிதாகக் கொடுத்திருந்த ஜோடியை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். அரை கிலோமீட்டர் வரப்பு. பாதம் சீராக விழுகிற நல்ல நடை. இந்த நடைக்கு அடி தேயாமல் இருக்க வழியே இல்லை, நான் எழுதியது சரிதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்தேன். அதற்குள் மஞ்சள் மஞ்சளாகச் சாமந்தி வயல் வந்தது. காவேரி வரப்பிலேயே ஷூவை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்.

“ஷூ?” என்றேன்.

“பூவுக்குள்ளயா?” என்று என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். “சாமிக்குப் போற பூவுங்க. செருப்புக் காலோட எப்பிடிப் போவறது?”

நானும் உட்கார்ந்து இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, என் ஒன்பதாயிரத்தை அவருடைய ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பூப் பறித்தோம். நான் பறித்தது ஒரு கூடை, அவர் பறித்தது ஏழு. அந்த மூன்று மணி நேரமும் இரண்டு ஜோடி ஷூவும் வரப்பில் பனியில் நனைந்துகொண்டிருந்தன.

வரப்பில் ஏறியதும் பையிலிருந்து அவருடைய படிவத்தை எடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டே கட்டம்: போட்ட நேரம், கழற்றிய நேரம். எல்லா நாளும் காலை ஐந்தரை, பகல் பதினொன்றரை.

“நடுவில் கழற்றியதை ஏன் எழுதவில்லை?”

“எங்க எழுதறதுங்க? ரெண்டு கட்டந்தான இருந்துச்சு. காலையில போட்டது, கடைசியா கழட்டுனது. ரெண்டும் நெசந்தானுங்களே?”

நிஜம்தான். அந்தப் படிவத்தைத் தயாரித்த புத்திசாலி நானேதான். காலையில் ஷூ போட்டால் வேலை முடிந்துதான் கழற்றுவார்கள் என்று ஏசி அறையில் உட்கார்ந்து நானே முடிவு செய்திருந்தேன்.

அங்கிருந்து எண்ண ஆரம்பித்தேன். பூ மூட்டை கட்டும் கொட்டகை வாசலில் கழற்றினோம். காப்பிக்கு வீட்டு வாசலில் கழற்றினோம். மற்ற வீட்டுப் பூவையும் சேர்த்து மார்க்கெட்டுக்கு அனுப்புவது காவேரிதான், ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்றினோம். மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது நின்று, கழற்றி, கும்பிட்டு, போட்டுக்கொண்டு நடந்தோம். தார் ரோட்டில் யாரோ ராகிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். காவேரி அங்கேயும் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இதன் மேல்தான் லாரியே போகிறதே” என்றேன்.

“லாரிக்குத் தெரியாதுங்க. நமக்குத் தெரியுதில்ல.”

முதல் சில முறை ஒழுங்காக உட்கார்ந்து, லேஸை அவிழ்த்துக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் காவேரி பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்காக நின்றார். ஒன்பதாவது முறை இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினோராவது முறை லேஸைத் தொடாமலே, பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்து, சர்ரென்று இழுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். பத்தடி போன பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

காவேரி என் காலைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“அப்பிடித்தானுங்க ஆரம்பிக்கும்” என்றார்.

பதினொன்றரைக்கு மொத்தம் பதினேழு. காலில் உண்மையாக ஷூ இருந்த நேரம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அடியில் நான் பார்த்த தேய்மானத்துக்கு அது மிகச் சரியான கணக்கு. ஷூவை நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். ஆளைத்தான் தப்பாகப் படித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் களத்துமேட்டில் நின்று, காவேரியின் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான். பார்த்ததையெல்லாம் சொன்னேன்.

“தப்பு யார்மேல்?” என்றார் அவர்.

“படிவத்தின்மேல். அதைத் தயாரித்தது நான், சிவப்பு மையில் எழுதியதும் நான். இரண்டையும் ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஒரு நாளில் பதினேழு தடவை கழற்றி மாட்டினால் பின்பக்கம் என்ன ஆகும் என்று நம்மில் யாருக்கும் தெரியாது சார். இவர் ஆறு மாதமாக அதைச் சோதித்திருக்கிறார்.”

“அதையும் எழுது” என்றார் மேனேஜர். “பெயர் பட்டியலில் இருக்கட்டும்.”

காவேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்த மூட்டையிலிருந்து வாடிய பூ ஒன்றை எடுத்துப் போட்டார். “சம்பளம் கெடக்கட்டுங்க” என்றார். “பொய்யின்னு எழுதுனதை அழிச்சிடுவீங்களா?”

“அழித்துவிடுவேன். அடியில் மன்னிப்பும் எழுதுகிறேன்.”

“அப்போ சாப்புடுங்க” என்று வீட்டுக்குள் கூப்பிட்டார். பதினெட்டு.

ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். விடைபெறும்போது வாசலில் கிடந்த என் ஷூவை மாட்டாமல், காவேரியின் பழைய ஜோடியோடு பையில் போட்டேன். இரண்டும் ஒன்றாகச் சோதனைக்கூடத்துக்குப் போகட்டும் என்று தோன்றியது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நூற்று முப்பது ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டேன். கடிதத்தைப் போனில் அனுப்பியபோது மணி இரண்டேகால். மொரப்பூரில் ரயிலேறியபின், புதுப் படிவத்துக்கு எத்தனை கட்டம் போடுவது என்று ஜோலார்பேட்டை வரை யோசித்தேன். பிறகு தூங்கிவிட்டேன்.

வெளியூர் போய் வந்தால் நம் வீடு கொஞ்சம் வேறு மாதிரி தெரியும் என்பார்கள். எனக்கு வாசலிலேயே தெரிந்தது. ரப்பர் செருப்பை உதறிவிட்டு விளக்கைப் போட்டேன். கதவுக்குப் பக்கத்தில் என் ஷூ அலமாரி. ஐந்து ஜோடி, எல்லாம் எங்கள் கம்பெனிதான். எட்டு வருடமாக ஊரார் ஷூவைப் புரட்டியவள் அன்றுதான் முதல்முறையாக அவற்றைக் குனிந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் லேஸ் கட்டியபடியே இருந்தது. நான்கு ஜோடிகளின் பின்பக்கம் மிதிபட்டு மடிந்திருந்தது.

படம் எடுத்துக் காவேரிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“நீங்களும் பொய் எழுதுனீங்களா மேடம்?”